நூறு வரை ஓடிய எண்

மாடியில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு,

நான் வேலையை விட்டு நின்ற அன்று எல்லோரும் சேர்ந்து சேலை எடுத்துக் கொடுத்தீர்கள். வாங்கிக்கொண்டேன். எனக்கு அது தகும் என்று நினைத்துத்தான் வாங்கிக்கொண்டேன். முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் கட்டடத்தின் சாவி என் இடுப்பில் இருந்தது. ஒரு நாள்கூடக் கதவு பிந்தித் திறந்ததில்லை. புதிதாகச் சேர்ந்திருந்த பிள்ளை ஒன்று மட்டும் அன்றைக்கு என்னிடம் ஒரு கேள்வி கேட்டது.

"ஆச்சி, எங்க திரையில கோடு நெறஞ்சுக்கிட்டு வரும்போதெல்லாம் நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிடுதீகளே, ஏன்?"

"கண்ணு கூசுதுட்டி" என்றேன்.

அது பொய். அந்தப் பொய்யை உங்களிடம் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிக்க வரும். எழுதுவது அதைவிட மெதுவு. எண் மட்டும் சட்டென்று வரும். இதை எழுதி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. நீங்களும் செத்த நேரம் ஒதுக்கி அவசரப்படாமல் படியுங்கள்.

எண்பதுகளில் நான் வந்து சேர்ந்தபோது இங்கே கம்ப்யூட்டர் கிடையாது. கீழே அச்சகம் மட்டும். கல்யாணப் பத்திரிகை, மில்லுக்குப் பில் புத்தகம், கோயில் நோட்டீசு. காலால் மிதிக்கிற டிரெடில் மெஷின் ஒன்று இருந்தது. அதை ஓட்டுகிற பெரியவர்தான் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர். மெஷின்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். நானும் அப்படியே சொல்கிறேன்.

அவரிடம் நான் இரண்டு விஷயம் படித்தேன். ஒன்று, ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைப்பது. நான் முதல் வருடம் சந்தனத்தைக் குழைத்துக் கண்ட இடத்தில் எல்லாம் தொட்டு வைத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"ஏட்டி, ஒனக்குப் பொட்டு வச்சா நெத்தியில வைப்பாகளா, சேலையில வைப்பாகளா?"

"நெத்தியிலதான்."

"மெஷினுக்கும் நெத்தி உண்டு. பாத்து வையி."

டிரெடில் மெஷினின் தலையில் வட்டமாக ஒரு மைத்தட்டு இருக்கும். மை தடவுகிற இடம். அதைத் துடைத்து, நடுவில் ஒரே ஒரு பொட்டு. அந்த வருடத்திலிருந்து பொட்டு வைப்பது என் வேலை. மற்ற யாரையும் தொட விட்டதில்லை.

இரண்டாவது விஷயம் ஒரு தப்பில் படித்தது. ஒரு பத்திரிகையில் முகூர்த்தம் ஒன்பது மணி. மெஷினைத் துடைக்கும்போது அந்த ஒன்பதின் ஈய அச்சு கழன்று விழுந்தது. எடுத்துச் செருகினேன், தலைகீழாகச் செருகிவிட்டேன். ஆறு மணி என்று அச்சாகிக்கொண்டிருந்தது. அச்சான தாளை அடுக்கிக் கட்டிக்கொண்டே வந்தவள் பார்த்துவிட்டேன். பயந்துகொண்டே போய்ச் சொன்னேன். மெஷின்காரர் காலை எடுத்தார், மெஷின் நின்றது. தாளைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை.

"ஓடும்போதே சொன்னியே, அம்புட்டுதான் வேணும்" என்றார். "நின்ன பொறவு வந்து சொல்லியிருந்தா அந்தப் பேச்ச வச்சு நான் என்ன செய்ய?"

அந்த இரண்டையும் நான் மறக்கவில்லை. ஒன்றைத் தப்பான இடத்தில் செய்தேன். மற்றதைச் செய்யவே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் முதலாளி மாடியைக் கட்டி எட்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். வெப் டிசைன், மல்டிமீடியா என்று போர்டு எழுதினார்கள். இன்டர்நெட் அப்போது இந்தக் கட்டடத்துக்கு வரவில்லை. அது இல்லாமலே அதற்கு வேண்டிய பக்கங்களைச் செய்யப் பிள்ளைகள் படித்தார்கள். என்னை மாடிக்கு மாற்றினார்கள். செருப்பை வெளியே போட வைப்பது, தூசி துடைப்பது, பிள்ளைகளுடைய பிளாப்பிகளைப் பெட்டியில் வாங்கி வைத்துப் பூட்டுவது. பிளாப்பி என்றால் உள்ளங்கை அகலத்தில் சதுரமான தகடு. செய்த வேலையை அதில்தான் பதிந்து வைப்பார்கள். பெட்டிச் சாவியும் என் இடுப்பில்தான். ஒரு பிளாப்பிகூடக் காணாமல் போனதில்லை.

பாடம் நடத்த ஒரு சார் வந்தார், திருநெல்வேலிப் பக்கம். சின்ன வயசு. என்னை அக்கா என்பார். முதல் வருட ஆயுத பூஜைக்கே சொல்லிவிட்டார்: "அக்கா, மானிட்டர் சட்டத்துல ஒரு பொட்டு. அதோட நிறுத்திரணும். வேற எதயும் தொடாதீக."

"மெஷினுக்குப் பொட்டு வைக்க எனக்கா சொல்லித் தாரீக?" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி செல்வி. மம்சாபுரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் முதுகலை கணக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரி விட்டதும் பஸ் ஏறி ராஜபாளையத்துக்கு, இங்கே வருவாள். அவள் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் மம்சாபுரம் வழியாக ஓடுகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மற்றவர்கள் பூவும் சூரியனும் போட்டுப் பக்கம் செய்தபோது இவள் பஸ் நேரத்தைச் செய்தாள். வத்திராயிருப்புக்கு எத்தனை மணிக்கு, மம்சாபுரத்துக்கு எத்தனை மணிக்கு என்று பஸ் ஸ்டாண்டில் நாள்கணக்காக நின்று எழுதிக்கொண்டு வந்தாள். திரையில் ஒரு குட்டி பஸ் தானாக நகரும். ஊர்ப் பெயரை அமுக்கினால் நேரம் வரும்.

"பெரியம்மா, ஒங்களுக்கு எண்ணு தெரியுமில்ல, பாத்துச் சொல்லுங்க, அடுத்த வண்டி எப்போ?" என்பாள். நான் சொல்வேன். எழுத்துத் தெரியாதவளும் படிக்கிற மாதிரி அவள் ஒரு பக்கம் செய்திருந்தாள். அதில் எனக்கு அவள்மேல் தனிப் பிரியம்.

ஆடி மாதம் அவள் முகம் சரியில்லை. கேட்டேன். அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி, மதுரையில் ஆபரேஷன், குரல்வளையையே எடுத்துவிடுவார்களாம். உயிர் பிழைப்பார், பேச்சு வராது.

மாடியில் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டருக்கு மட்டும் மைக்கும் ஸ்பீக்கரும் உண்டு. சாரிடம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்து வந்தாள். காக்கிச் சட்டை, தோளில் பை. டியூட்டியிலிருந்து நேராக வந்திருந்தார். குரல் அப்போதே கரகரத்திருந்தது. மைக்கைப் பார்த்ததும் கூச்சப்பட்டார்.

"நான் என்னத்தப் பேச? எனக்கு வண்டிக்கு ஆள் கூப்பிடத்தான் தெரியும்."

"அதத்தாம்ப்பா கேக்கேன். மம்சாபுரத்த அமுக்குனா ஒங்க சத்தம் வரணும்."

அவர் எழுந்து நின்றார். உட்கார்ந்து கூப்பிட வராதாம். ஒரு கையால் கம்பியைப் பிடிப்பதுபோலச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மம்சாபுரோம்... மம்சாபுரோம்... எடமிருக்கு எடமிருக்கு, உக்காந்துட்டே போலாம்!"

மாடி அதிர்ந்தது. நான் அந்த பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு போனவள்.

"அண்ணாச்சி, எடமிருக்குன்னு எத்தன வருசமா இந்தப் பொய்யச் சொல்லுதீக?" என்றேன்.

"ஏறுன பொறவு எடம் தானா வருமில்ல அக்கா" என்றார். எல்லோரும் சிரித்தோம். செல்வி மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவானது எட்டு வினாடி. இரண்டு பிளாப்பியில் அதைப் பதிந்துகொண்டாள். மூன்றாம் நம்பர் மெஷினிலும் ஒன்று இருந்தது.

ஆவணியில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்துவிட்டார்.

புரட்டாசிச் சனிக்கிழமை நான் திருவண்ணாமலைக்குப் போனேன். பெரிய சிவன் கோயில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் அதே பெயரில் இருக்கிற பெருமாள் மலைக்கோயில். புரட்டாசியில் நிற்க இடமிருக்காது. கூட்டத்தில் நின்று, "அந்த மனுசனுக்குப் பேச்சக் குடு பெருமாளே" என்று கேட்டேன். டாக்டர் எடுத்துவிட்டதைப் பெருமாள் எங்கிருந்து கொடுப்பார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. குங்குமத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன்.

ஆயுத பூஜை அன்று காலையில் மாடியில் நான் தனியாக இருந்தேன். தரையைக் கழுவித் துடைத்து, எட்டு மானிட்டருக்கும் பொட்டு வைத்தேன். பிளாப்பிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றின் மேலட்டையிலும் ஒரு பொட்டு. செல்வியின் இரண்டு பிளாப்பி வந்தது. மேலட்டையில் வைக்கப் போனவளுக்குக் கை நின்றுவிட்டது. இது சட்டைதானே, நெற்றி எங்கே என்று நினைத்தேன். பிளாப்பியின் ஓரத்தில் வெள்ளித் தகடாக ஒரு கதவு இருக்கும். பிள்ளைகள் அதை நகத்தால் நகர்த்தி விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன். நகர்த்தினேன். உள்ளே கறுப்பாக, வட்டமாக, டிரெடில் மெஷினின் மைத்தட்டு மாதிரியே மினுங்கியது. குரல் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. சந்தனத்தைத் தொட்டு, அதன்மேல் மலைக்குங்குமத்தை வைத்தேன். இரண்டிலும் வைத்தேன். கதவை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் வைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு மனசோடு நான் பொட்டு வைத்ததில்லை.

மறுநாள் விஜயதசமி. எல்லாப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். புதிதாகச் சேர ஏழெட்டுப் பேர் பெற்றோரோடு வந்திருந்தார்கள். சார் செல்வியைக் கூப்பிட்டார். "ஒன் பஸ்ஸ இவங்களுக்குக் காட்டும்மா."

மூன்றாம் நம்பரில் பிளாப்பியைப் போட்டாள். கர்ர், கர்ர் என்று தேய்கிற சத்தம். படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. இரண்டாவதைப் போட்டாள். அதே சத்தம். நான் பக்கத்தில் நின்றேன். பிளாப்பி போடுகிற வாயின் ஓரத்தில் பொடியாகச் சிவப்பு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்.

பிள்ளைகளே, அந்த இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்குத் தெரியாது என்று யாரும் எனக்காகச் சொல்ல வேண்டாம். தூசி துடைப்பதுபோல முந்தானையால் அந்தச் சிவப்பைத் துடைத்தேன். அதுதான் நான் செய்த முதல் வேலை.

சார் புதுப் பிளாப்பி ஒன்றைப் பிரித்துப் போட்டார். அதுவும் கர்ர் என்றது. அவர் முகம் மாறியது. ஆனி மாதம் வைரஸ் வந்து எட்டு மெஷினும் படுத்து, முதலாளியிடம் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது எல்லோருக்கும் தெரியும்.

"மறுபடியும் வந்துருச்சு" என்றார். "போட்ட பிளாப்பியெல்லாம் போகுது. இந்த மெஷின உடனே அழிச்சாகணும். இல்லன்னா மத்ததுக்கும் ஏறிரும்."

"சார், உள்ள ஒரு காப்பி இருக்கு சார்" என்றாள் செல்வி. "அத மட்டும் எடுத்துக்கிடுதேன்."

"எதுல எடுப்ப? புதுசு போட்டாலும் போகுதே. பக்கத்த நான் ஒக்காந்து எழுதித் தாரேம்மா."

"பக்கத்த நானே எழுதிருவேன் சார். எங்கப்பா சத்தத்த எங்க போயி எழுத?"

சாருக்கு அழிக்கக் கை வரவில்லை. எழுந்து நின்று எல்லோரையும் பார்த்தார். "நேத்து யாராச்சும் இந்தப் பிளாப்பியத் தொட்டீகளா? தண்ணி கிண்ணி பட்டுச்சா? அப்படின்னா சொல்லுங்க, அது வைரஸ் இல்ல, நான் வேற வழி பாப்பேன்." பிறகு என்னிடம் திரும்பினார். "அக்கா, பெட்டி ஒங்ககிட்டதான இருந்துச்சு?"

எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். வந்திருந்த பெற்றோரும் பார்த்தார்கள்.

"எங்கிட்ட குடுத்த பொருள் என்னைக்குக் கெட்டிருக்கு?" என்றேன். "பூட்டுன பூட்டு பூட்டுனபடிதான் இருந்துச்சு."

பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. அதில் பொய் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அந்தச் சாமர்த்தியம் வந்தது பாருங்கள்.

சார் உட்கார்ந்து ஏதோ தட்டினார். திரை கறுத்தது. கீழே, நூற்றுக்கு எவ்வளவு அழிந்தது என்று, வெள்ளையாக ஒரு எண் வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. எழுத்தாக இருந்திருந்தால் கூட்டிப் படிப்பதற்குள் ஓடியிருக்கும். எண்ணாகப் போயிற்று. ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தது. ஏழு வந்தபோது வாயைத் திறந்தேன். பின்னால் யாரோ இருமினார்கள், மூடிக்கொண்டேன். இருபதில், இந்த ஆள் கெட்டிக்காரர், எப்படியாவது எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். நாற்பதில், இனிச் சொன்னால் முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று நினைத்தேன். அறுபது, எழுபது. செல்வி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, எண்ணைத்தான் பார்த்தாள். நூறு வந்தது. நின்றது.

மெஷின்காரர் அன்று உயிரோடு இல்லை. இருந்திருந்தால் என் முகத்தில் விழித்திருக்க மாட்டார்.

நாலு நாள் கழித்து மதுரையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து மூன்றாம் நம்பரைப் பிரித்தார். பிளாப்பி போய்த் தேய்கிற இடத்தில் பஞ்சால் ஒற்றி எடுத்துச் சாரிடம் காட்டினார். சிவப்பும் மஞ்சளுமாக ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்து, "சந்தனமால்ல இருக்கு?" என்று சிரித்தார். சார் சிரிக்கவில்லை. மெக்கானிக் போன பிறகு என்னிடம் வந்தார்.

"அக்கா, பத்து வரும்போது சொல்லியிருந்தாக்கூட நிறுத்திப் பாத்திருப்பேன்" என்றார். அவ்வளவுதான். முதலாளியிடம் அவர் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசித் தேற்றிக்கொண்டிருப்பேன்.

செல்வி மூன்று வாரத்தில் பக்கத்தை மறுபடியும் செய்துவிட்டாள். பஸ் நகர்ந்தது, நேரம் வந்தது. மம்சாபுரத்தை அமுக்கினால் சத்தம் வரவில்லை. சர்டிபிகேட் வாங்கும் அன்றும் "பெரியம்மா" என்று என்னிடம் வந்து காட்டினாள். அன்றும் நான் சொல்லவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள், வீட்டில் அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல், பஸ் ஏறி மம்சாபுரம் போனேன். செல்வி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இன்னும் வரவில்லை. அவள் அப்பா மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி ஈரிழைத் துண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையாலும் வாங்க என்றார். உட்கார்ந்தேன். அவள் வரட்டும் என்று காத்திருந்தால் மறுபடி வாய் மூடிக்கொள்ளும் என்று பயம். அவரிடமே சொன்னேன். மலைக்குப் போனது, குங்குமம், வெள்ளிக் கதவு, முந்தானை, நூறு. ஒன்றையும் விடவில்லை.

அவர் தலையணைக்கு அடியிலிருந்து சிலேட்டை எடுத்து எழுதி என் பக்கம் நீட்டினார். நான் கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

என் சத்தம் நல்லா இருந்துச்சா?

நல்லா இருந்துச்சு என்றால் போதாதுபோல இருந்தது. எழுந்து நின்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"மம்சாபுரோம்... மம்சாபுரோம்..."

அவர் இல்லை என்று தலையாட்டினார். கையை மெதுவாக மேலே தூக்கிக் காட்டினார்: இன்னும் இழுக்கணும். இழுத்தேன். சரி என்றார். "எடமிருக்கு எடமிருக்கு, உக்காந்துட்டே போலாம்." தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்தார். கண் நிறைந்திருந்தது. இன்னொரு முறை என்று விரலைக் காட்டினார். இன்னொரு முறை கூப்பிட்டேன்.

வாசலில் செல்வி நின்றிருந்தாள். தோளில் பை, எவ்வளவு நேரமாக நின்றாளோ. அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எதுக்குப் பெரியம்மா அப்பா மாதிரி கூப்பிடுதீக?"

சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது எளிது என்பார்கள், இல்லை. அவள் பையைக்கூட இறக்காமல் கேட்டாள். முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி.

"நூறு வர பாத்துக்கிட்டே நின்னீகளா?"

"ஆமா."

உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "குடிச்சிட்டுக் கெளம்புங்க. அஞ்சு மணி வண்டி வந்துரும்" என்றாள். பெரியம்மா என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் சொல்லவில்லை. படிப்பு முடிந்து சென்னைக்கு வேலைக்குப் போனாள் என்று சார் சொல்லித்தான் தெரியும்.

நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள். கை தவறும், தவறாத கை எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. திரையில் கோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறந்துவிடுங்கள். எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி. எனக்கு நூறு எண் அவகாசம் இருந்தது. நூறும் எனக்குப் படிக்கத் தெரிந்த எண்.

மம்சாபுரத்தில் அன்றைக்கு அஞ்சு மணி வண்டி நேரத்துக்கு வந்தது. புதுக் கண்டக்டர், சின்னப் பையன், குரலே எழும்பவில்லை. "உக்காருங்க ஆத்தா, எடமிருக்கு" என்றான். நிஜமாகவே இருந்தது, பாதி வண்டி காலி. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ராஜபாளையம் வரை நின்றேதான் வந்தேன்.